ஜெனரேட்டருக்குச் செந்தாமரை சரியென்றாள்

"இனிமே லட்சுமணன் வூட்டுல கரண்டு இல்லன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது!"

சபதம் போட்டபோது அவன் கையில் செத்துப்போன செல்போன் இருந்தது. ராத்திரி அடித்த காற்றில் மலைப்பாதை மரம் சாய்ந்து, கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. திருப்பத்தூர் மண்டிக்காரர் புளி கேட்டுப் போன் மேல் போன் போட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. படவேட்டுக்காரன் எவனோ லோடு ஏற்றிவிட்டான். ஜவ்வாது மலையில் கூலிக்குப் புளி உலுக்க ஆரம்பித்து, ஏமாந்து ஏமாந்து ஏமாற்றக் கற்று, சொந்தமாகக் குடோன் கட்டியவன் லட்சுமணன். வயிறு எரியாதா?

"ஜெனரேட்டர் வாங்கப் போறேன்" என்றான் பெண்டாட்டியிடம். சண்டைக்குத் தோதாக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"வாங்கு மாமா" என்றாள் செந்தாமரை.

அவ்வளவுதான். லட்சுமணன் களித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தான்.

இவள் எதற்கு உடனே சரியென்றாள்? போன வருஷம் மகளிர் குழுவுக்கு வந்த சாமை உடைக்கும் மிசினை வைக்கக் குடோனில் இடம் கேட்டு, சட்டிபானை உருள உருளச் சண்டை போட்டவள். "கரண்டே நிக்காத ஊர்ல மிசினா? அதுவும் என் புளிக்கு நடுவுலயா? போடி!" என்று இவன் போட்ட சத்தத்தில் அந்தப் பேச்சு அடங்கியது. மிசின் இன்னமும் அவள் தம்பி இளவரசன் கொட்டகையில் சாக்குப் போர்த்திக் கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் இன்னமும் கீழே மில்லுக்குப் போகச் சாமை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். அப்படிச் சண்டை போட்டவள் இன்றைக்கு ஒரே வார்த்தையில் சரியென்கிறாள் என்றால்?

இளவரசன்! பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அக்காவும் தம்பியும் சேர்ந்து இவன் டீசலில் அவன் வீட்டுக்கு விளக்கேற்றப் பார்க்கிறார்கள்!

வியாபாரத்தில் லட்சுமணன் நம்புவது ஒன்றே ஒன்று. எதிராளி எந்த மூட்டையை எடுத்துக்கோ என்கிறானோ அதைத் தொடாதே. எதை வேண்டாம் என்கிறானோ அதைப் பிரி. இதுநாள் வரை அவனுக்குச் சோறு போட்ட புத்தி அது.

திருப்பத்தூர்க் கடையில் செந்தாமரை ஒரு சின்ன ஜெனரேட்டரைத் தடவிக்கொண்டே நின்றாள். "இது போதும் மாமா. ரெண்டு லைட்டு, ஒரு போன். பெருசு எதுக்கு?"

'ஆள் வைக்காமல் தம்பியே தூக்கிப்போக வசதியாகப் பார்க்கிறாள்' என்று புரிந்துகொண்டான் லட்சுமணன். மூலையில், கல்யாண மண்டபத்திலிருந்து கழற்றி வந்த ஒன்று யானைக்குட்டி போல நின்றது. ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புகிற டீசல் ஜெனரேட்டர்.

"அது இன்னா விலை?"

"அண்ணே, அது வூட்டுக்கு ஒத்துவராது. மில்லு ஓட்டலாம்" என்றார் கடைக்காரர்.

"என் வூட்டுக்கு எது ஒத்துவரும்னு நீ சொல்றியா?" கத்தினான், நடித்தான், இரண்டு தடவை கடையை விட்டு இறங்கினான். பாதி விலைக்கு யானைக்குட்டி மலையேறியது.

எங்கே வைப்பது?

"சமையக்கட்டுக்குப் பின்னால, சுவத்து ஓரமா வெச்சிரு மாமா. குடோன்ல மட்டும் வேணாம்."

சுவரோரம்! அந்தப் பக்கம் யார்? "குடோன்லதான் வெப்பேன். சாவி என் இடுப்புல இருக்கும்" என்றான்.

ஒயர் இழுக்க வந்த அருளிடம் அவளே முந்திக்கொண்டாள். "மெல்லிசு ஒயரே போடு அண்ணா. தடிசு தண்டம்."

மெல்லிசு என்றால் சுவர் தாண்டி ஓசையில்லாமல் இழுத்துக்கொள்ளலாம், இல்லையா? "இருக்கறதுலயே தடிசா போடுடா!"

"மச்சான், இதுல மோட்டாரே ஓடும். வூட்டுக்கு எதுக்கு?"

"போடுன்னா போடு!"

ஜெனரேட்டர் ஓடியது. குடோன் முழுக்க டீசல் நெடி. செந்தாமரை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"புளி இங்கயே கெடக்கட்டும் மாமா. நெடியெல்லாம் ஒட்டாது."

லட்சுமணன் ஒரு மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தான். ஐயோ! மாலைக்குள் அத்தனை மூட்டையும் முன்னறைக்கு வந்தன. அவன் கட்டில் புளிக்கு நடுவே ஒடுங்கியது. குடோனில் ஜெனரேட்டரும் பாக்கிக் காலி இடமும்.

"நல்லா பூட்டி வை மாமா. யாருக்கும் காட்டாத. கண்ணு படும்."

இவ்வளவு பெரிய பொருளை வாங்கிவிட்டு யாருக்கும் காட்டக்கூடாதாம்! மறுநாள் காலையில் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெரியம்மாள் வந்தாள், அன்பரசி வந்தாள், வடிவு வந்தாள். ஆளுக்கொரு மூட்டை தலையில். 'வேடிக்கை பார்க்க எதுக்கு மூட்டை?' என்று ஒரு கணம் உறுத்தியது. ஆனால் "இம்மாம் பெருசா!" என்று வடிவு வாயைப் பிளந்ததில் உறுத்தல் பறந்துவிட்டது. ஹேண்டிலைச் சுற்றினான். குடோன் அதிர்ந்தது.

அப்போதுதான் இளவரசனின் டிராக்டர் வாசலில் நின்றது.

"வந்துட்டியா! எனக்குத் தெரியும்டா! ஒரு சொட்டு கரண்டு உனக்குக் கெடையாது!"

"எனக்கு எதுக்கு மாமா?" இளவரசன் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரில் போர்த்தியிருந்த சாக்கை உருவினான். "மிசினை எறக்க வந்தேன். ஒரு கை புடி."

லட்சுமணன் காலி இடத்தைப் பார்த்தான். தடித்த ஒயரைப் பார்த்தான். யானைக்குட்டியைப் பார்த்தான். கடைசியாகப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"இன்னாடி இது?"

"என்னை ஏன் மொறைக்கிற? பெருசு வேணாம்னேன். குடோன் வேணாம்னேன். தடிசு ஒயர் வேணாம்னேன். நீ எங்க கேட்ட?" மிசினை இறக்கி ஒயர் மாட்டியதும் முதல் மூட்டையை அதில் கொட்டினாள் செந்தாமரை. "ஒண்ணு மட்டும் கேளு மாமா. நாளைக்குக் காத்தால இந்த ஹேண்டில் பக்கம் வந்துடாத. டெய்லி சுத்தறதெல்லாம் உனக்கு ஆவாது. தம்பி பாத்துக்குவான்."

"அவனா? என் ஜெனரேட்டரைத் தொடுவானா?"

மறுநாள் செந்தாமரை எழுந்து வாசலுக்கு வந்தபோது, குடோனில் லட்சுமணன் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தான்.