ஃபிரீசருக்குக் கம்பளி போர்த்தியவர்

இந்த மலேசியாவிலேயே ஃபிரீசருக்குக் கம்பளி போர்த்திவிட்ட ஒரே மனிதர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். உலகத்திலேயே என்று எழுதத்தான் கை பரபரக்கிறது.

கோத்தா திங்கியில் எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க அவருக்கு ஃபிரீசர் அங்கிள் என்றுதான் பெயர். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகள் கல்யாணத்துக்கு ஆட்டிறைச்சி வைக்க, ஆளே படுத்துக்கொள்ளும் நீளத்தில் ஒரு ஃபிரீசர் வாங்கினார். கல்யாணம் முடிந்து மகள் சிங்கப்பூர் போய்விட்டாள். மனைவி அதற்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்திருந்தார். மிஞ்சியது அவரும் ஃபிரீசரும்தான். சமையலறை வாசலில் நுழையாததால் அது கார் போர்ச்சில் குடியேறியது.

அந்தத் தகரக் கூரைக்குக் கீழே மதியத்தில் நின்றால் மண்டை காய்ந்துவிடும். ஃபிரீசருக்கு நிழல் போதவில்லை என்று காரை ரோட்டுக்குத் துரத்தினார். கார் வெயிலில் கிடந்து சாயம் போனது. பிறகு வீட்டிலிருந்த ஒரே மின்விசிறியையும் ஃபிரீசர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவர் பழைய பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அங்கிள், ஃபேன கொஞ்சம் உங்க பக்கம் திருப்பிக்கலாமே?"

"எனக்கென்ன தம்பி, நான் கெட்டா போயிடுவேன்? உள்ள கோழி இருக்கு லா!"

கோழி, ஆற்று இறால் எல்லாம் மகளுக்காக. வாராவாரம் சந்தைக்குப் போய் வாங்கி வருவார். சனிக்கிழமை ஆனால் போன் வரும்.

"அப்பா, சிங்கப்பூர் பாலத்துல வண்டியே நகரல, சரியான ஜேம்பா. அடுத்த வாரம் கண்டிப்பா வரேன்."

"பரவால்லம்மா. எல்லாம் ஐஸ்ல இருக்கு. கெட்டுப்போகாது."

அடுத்த வாரமும் ஜேம்தான். கடைசியில் ஃபிரீசர் மீது அவரே ஏறி உட்கார்ந்தால்தான் மூடி பொருந்தும் என்ற நிலை வந்தது.

"பேசாம நீங்களே பார்சல் கட்டிக் கொண்டு போய்க் குடுங்களேன் அங்கிள்."

"கஸ்டம்ஸ்ல எறைச்சிய விட மாட்டான் தம்பி. அவ இங்க வந்துதான் சாப்பிடணும்."

முகத்தில் அப்படியொரு பூரிப்பு. மகளை ஊருக்கு வரவழைக்க சிங்கப்பூர் அரசாங்கமே அவருக்காகச் சட்டம் போட்டதாக நினைப்பு.

போன வெயில் காலத்தில்தான் அந்தக் கம்பளி வந்தது. ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றினால் உருகாதல்லவா, அதே கணக்கு. சுற்றிலும் கம்பளி போர்த்தி, கயிறு வேறு கட்டினார். ஃபிரீசர் முனகியது, இருமியது, ஒரு சனிக்கிழமை காலையில் அடங்கிப் போனது. ஏர்கோன் பழுது பார்க்கும் குமார் வந்து கம்பளியை உருவிப் போட்டார்.

"அங்கிள், உள்ள இருக்கற சூட்ட இது உடம்பு வழியாத்தான் வெளிய விடும். நீங்க மூச்ச அடச்சிட்டீங்க. கம்ப்ரசர் போச்சு. மாத்த ஒரு வாரம் ஆகும்."

"அலமாக்! நானேவா கெடுத்துட்டேன்?" என்று அங்கிள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

எல்லாம் உருகிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிகளில் அவ்வளவும் கொள்ளாது. தெருவே சட்டியும் அடுப்புமாக அவர் போர்ச்சில் கூடிச் சமைத்தது. இறால் சம்பல் என்ன, கோழிக் குழம்பு என்ன! அங்கிள் ஓடி ஓடிப் பரிமாறினார். அவர் மட்டும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. வழக்கம்போல ஜேம்.

அங்கிள் திறந்து கிடந்த காலி ஃபிரீசரைப் பார்த்தார். எங்கள் தட்டுகளில் கிடந்த எலும்புகளைப் பார்த்தார்.

"பரவால்லம்மா. எல்லாம் ஐஸ்ல அப்படியே இருக்கு. நீ மெதுவா வா."

எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. தட்டை ஓரமாக வைத்துவிட்டேன்.

மறுநாள் சந்தையில் நல்ல கம்பத்து நாட்டுக்கோழியாக ஒன்று வாங்கி என் ஐஸ்பெட்டியில் வைத்தேன். "அங்கிள், எல்லாம் தீந்துடல. உங்க மகளோட கோழி ஒண்ணு என் வீட்டு ஐஸ்ல இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஃபிரீசர் சரியாகி மாதங்கள் ஆகின்றன. அந்தக் கோழியை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் அவர் தினமும் என் வீட்டுக்கு வருகிறார்.