இருபத்தேழு அடியும் ஒரு பச்சை ஃபைலும்

முப்பத்தாறு வயதில், வைரல் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போட்டுவிட்டு வீடியோ கேம் போட்டிக்குப் போனவள் நான். இதை ஒப்புக்கொள்ளக் கூச்சமில்லை. அங்கே விளையாடிய விதத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

திரையில் இரண்டு பேர் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு அது. அதில் காம்போ என்று ஒன்று உண்டு. முதல் அடி விழுந்துவிட்டால், எதிராளி சுதாரிப்பதற்குள் அடுத்தடுத்து அடித்துக்கொண்டே போகலாம். தொடர் அறுகிற வரை அவரால் ஒன்றுமே செய்ய முடியாது. விவரம் தெரிந்தவர்கள் மூன்று அடி, ஐந்து அடி என்று ஆரம்பிப்பார்கள். நான் நேராக இருபத்தேழு அடியில் ஆரம்பித்தேன்.

மூன்று மாதப் பயிற்சி. சாம்பார் கொதிக்கும்போதுகூட என் கட்டைவிரல் கரண்டிக் காம்பில் பட்டன் அழுத்திக்கொண்டிருக்கும். பழகுவதற்கென்றே அந்த விளையாட்டில் ஒரு பொம்மை ஆள் இருக்கிறான். எவ்வளவு அடித்தாலும் அப்படியே நிற்பான். ("எம்மேல உள்ள கோவமா?" என்று என் கணவர் ஜோசப் ஒருநாள் கவலையாகக் கேட்டார்.) அவனை ஆயிரம் தடவை அடித்ததில், தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணை வரை எனக்கு நிகர் யாருமில்லை என்று நம்பிவிட்டேன்.

போட்டி மேடவாக்கத்தில், ஒரு சனிக்கிழமை காலை. ஜோசப் எலுமிச்சை சாதமும் தண்ணீர் பாட்டிலுமாக, பப்ளிக் எக்ஸாமுக்கு அழைத்துப்போவதுபோல என்னை அழைத்துப் போனார். மைக் பிடித்திருந்தவர் என் பெயரைக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். எதிராளி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

ராமநாதன் சார். எங்கள் ஆபீஸ் மேனேஜர். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று அன்றைக்கு லீவில் இருந்தவர்.

இருவரும் சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்றார் மெதுவாக.

"விட்டுருச்சு சார். ஆபரேஷன்?"

"நடந்துகிட்டிருக்கு."

ஆட்டம் ஆரம்பித்தது. நான் பாய்ந்து போய் என் புகழ்பெற்ற முதல் குத்தை விட்டேன். சாருடைய ஆள் உட்கார்ந்துவிட்டான். குத்து அவன் தலைக்கு மேலே காற்றில் போனது. மறுபடி குத்தினேன். உட்கார்ந்தே இருந்தான். அவ்வப்போது காலை நீட்டி என் கணுக்காலில் ஓர் உதை. அவ்வளவுதான் அவருடைய மொத்த வித்தையும். என் பொம்மை ஆள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்ததும் இல்லை.

மைக் பிடித்திருந்தவருக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா நீ! அவரு குந்திகினே கீறாரு, நீ மேலயே குத்திகினு கீறியே!"

கூட்டம் சிரித்தது. அதில் ஜோசப்பின் சிரிப்பு தனியாகக் கேட்டது. முதல் சுற்று போயிற்று.

இரண்டாவது சுற்றில் சாரின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் ஒரு நொடி குனிந்து பார்த்தார். விரல் பட்டனை விட்டதும், திரையில் அவருடைய ஆள் எழுந்து நின்றான். என் குத்து விழுந்தது!

ஒன்று, இரண்டு, மூன்று... கூட்டம் எண்ண ஆரம்பித்தது. எனக்குப் புல்லரித்தது. தொடர் முடிகிற வரை தனக்கு வேலையில்லை என்று தெரிந்த சார், கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். ஆபீஸிலிருந்து செல்வி.

பதினேழு, பதினெட்டு...

"அந்த அனகாபுத்தூர் டெலிவரி சலான் எங்கம்மா வச்சீங்க?" என்றார் என்னைப் பார்த்து.

"மூணாவது ரேக், பச்சை ஃபைல் சார்" என்றேன், அவர் பக்கம் பணிவாகத் திரும்பி.

பதினொரு வருட சர்வீஸ். வாய் தானாகப் பதில் சொன்னது. விரல் தானாக நின்றது. தொடர் பத்தொன்பதில் அறுந்தது.

"பச்சை ஃபைலாம்" என்று போனில் சொல்லிவிட்டு, சார் கன்ட்ரோலரை எடுத்தார். உட்கார்ந்தார். உதைத்தார். கதை முடிந்தது. (வேண்டுமென்றே கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை.)

போனில் என் குரல் செல்விக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது. திங்கட்கிழமை, டீ நேரத்தில், ஆபீஸே கேட்கும்படி விசாரித்தாள்: "ஏங்க, காய்ச்சலுக்கும் கண் ஆபரேஷனுக்கும் ஒரே ஆஸ்பத்திரியா?"

சார் டீயோடு தன் அறைக்குள் போய்விட்டார். எனக்குப் போக அறை இல்லை.

இப்போது நான் மூன்று அடிக் காம்போதான் அடிக்கிறேன். அதற்குமுன், உட்கார்ந்திருப்பவனை எப்படி எழுப்புவது என்று கற்றுக்கொண்டேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் விழுகிறது. வீட்டில்தான் நிலைமை மோசம். நான் எதையாவது நீளமாக விளக்க ஆரம்பித்தால், ஜோசப் பேசாமல் தரையில் உட்கார்ந்துகொள்கிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு ராமநாதன் சார் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். மாமியாரும் வந்திருந்தார், கண்ணாடிகூட இல்லாமல். ஜோசப் ஓடிப்போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து இழுத்துப் போட்டு, துண்டால் தட்டி, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"குந்துங்க சார்."