சங்கரநாராயணன் வீட்டில் தலைவருக்கு விருந்து

எங்கள் ஊரில் தெருவில் நின்றுகொண்டு "சங்கரா" என்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். "கோமதி" என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். சாமி பேரையோ அம்மன் பேரையோ ஒரு பிள்ளைக்காவது வைக்காமல் சங்கரன்கோவிலில் யாரும் குடும்பம் நடத்துவதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த உனக்கு இதுகூடத் தெரியாதா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். தெரியும். ஆனால் கையில் கூகுள் மேப் வந்துவிட்டால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

முதலில் எங்கள் கட்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோயில் சொத்து கோயிலுக்கே இருக்க வேண்டும், நகராட்சி கடன் வாங்காமல் நடக்க வேண்டும், பள்ளிக்கூடத் தெருவில் மதுக்கடை கூடாது, குடும்பம் நன்றாக இருந்தால் ஊர் நன்றாக இருக்கும். இவ்வளவுதான் கொள்கை. பத்திரிகைகளில் எங்களைப் பழமைவாதக் கட்சி என்று எழுதுவார்கள். ஊருக்குள் அந்தப் பேரெல்லாம் கிடையாது. "செண்பகம் கட்சி" என்றால்தான் தெரியும். செண்பகம் என் அண்ணன் மனைவி. எனக்கு மைனி.

அண்ணனுக்குப் பூ மார்க்கெட்டில் கடை. காலையில் மைனி கடையில் இருப்பார். வெயில் தாழ்ந்ததும் ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். தேர்தல் சமயத்தில் மட்டும் அல்ல, வருஷம் முழுவதும். யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோனது, எந்தத் தெருவுக்குக் குடிதண்ணீர் வரவில்லை, யார் மகள் பரீட்சையில் தவறிவிட்டு அறைக்குள் அழுதுகொண்டிருக்கிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எதிர்க்கட்சிக்காரர்கள் வீட்டுக்கும் போவார். அவர்கள் மோர் கொடுப்பார்கள். நோட்டீஸை மட்டும் வாங்க மாட்டார்கள்.

"அவிய ஓட்டுப் போடாட்டா பரவால்ல தம்பி. நம்ம போறத நிறுத்திரக் கூடாது" என்பார்.

கோயமுத்தூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த எனக்கு இந்த நடை மெத்தனமாகத் தெரிந்தது. (நான் மாடியில் உட்கார்ந்து வாட்ஸ்அப்பில் புரட்சி செய்துகொண்டிருந்தேன்.) கட்சியில் என்னைத் தகவல் தொழில்நுட்ப அணியின் நகரப் பொறுப்பாளர் ஆக்கியிருந்தார்கள். அணி என்பது நானும் என் சார்ஜரும்.

நகராட்சித் தேர்தல் நெருங்கியது. மைனிதான் எங்கள் வார்டு வேட்பாளர். சென்னையிலிருந்து எங்கள் மாநிலத் துணைத்தலைவர் வருவதாகவும், சாதாரணத் தொண்டர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடுவார் என்றும் தகவல் வந்தது. விசைத்தறி ஓட்டும் சங்கரநாராயணன் வீடு முடிவாயிற்று. ஊருக்கு வெளியே ராஜபாளையம் ரோட்டில் தலைவரை வரவேற்று, வீட்டுக்கு வழிகாட்டி அழைத்து வரும் பொறுப்பு எனக்கு.

"கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம். சாப்பிடப் போற வீட்டுக்கு எதுக்கு ஊர்வலம்?" என்றார் மைனி. "நீங்க மட்டும் முந்தின நாளே ஒரு நடை போயி வீட்டப் பாத்துட்டு வந்துருங்க கொழுந்தனாரே."

"லொகேஷன் வாங்கியாச்சு மைனி. இதுக்குப் போயி நேர்ல போவாவளா?"

மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அன்றைக்குப் பட்டு வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையும் போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, பைக்கில் கிளம்பினேன். தலைவரின் கார் முன்னே, மாவட்ட நிர்வாகிகளின் கார்கள் பின்னே. எல்லாவற்றுக்கும் முன்னால் நான். ஊருக்குள் நுழைந்தபோது நானே ஜெயித்துவிட்டதுபோல் இருந்தது.

மேப் காட்டிய தெருவின் முனையில் தெருவைக் காணவில்லை. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மேப்போ பள்ளத்துக்குள் நேராகப் போகச் சொன்னது. பின்னால் கார் ஹாரன். அடுத்த தெருவுக்குள் திரும்பினேன். மேப் சுற்றிக்கொண்டே இருந்தது. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"சங்கரநாராயணன் வீடு எதும்மா?"

"விருந்தாளு வாராவன்னு காலைலேருந்து பரபரன்னு கெடக்கே, அந்தா பெரிய கோலம் போட்ட வீடு."

விருந்தாள், கோலம், சங்கரநாராயணன். எல்லாம் சரியாக இருந்தது. கட்சியை மட்டும்தான் நான் கேட்கவில்லை.

வாசலிலேயே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். "வாங்க வாங்க" என்று அப்படி ஒரு வரவேற்பு. ஆண்கள் எல்லாரும் உங்களைக் கூப்பிடத்தான் தெருவின் அந்த முனைக்குப் போயிருக்கிறார்கள், நீங்கள் இந்த முனை வழியாக வந்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. தலைவர் நடுவில் உட்கார்ந்தார். என்னை அவருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். (தகவல் தொழில்நுட்ப அணிக்கு இவ்வளவு மரியாதையா என்று உள்ளம் குளிர்ந்தது.) தட்டுத் தட்டாகக் கேசரியும் உளுந்த வடையும் வந்தன.

இருவரில் மூத்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மாளின் அக்காவாம். "தம்பிக்குக் கோயமுத்தூர்ல தான வேல?" என்று கேட்டார்.

என்னைப் பற்றி இவ்வளவு விசாரித்து வைத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய், "அத விட்டாச்சும்மா. இப்ப முழுநேரமும் கட்சி வேலதான்" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "வேலய விட்டாச்சா?" என்று தங்கையைப் பார்த்தார்.

தலைவர் நல்ல மனிதர். ஒரு தொண்டனின் தியாகம் சரியாகப் புரிந்துகொள்ளப்படவில்லை என்று நினைத்துவிட்டார். "அம்மா, கவலையே படாதீங்க. தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. இவனை நம்பி எந்தப் பொறுப்பையும் கொடுக்கலாம். நான் உத்தரவாதம்" என்றார்.

அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, "ஏட்டி கோமதி, காப்பியக் கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

அப்போதுதான் திரும்பி, எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். மாலை போட்ட ஒரு பெரிய படம். எங்கள் மேடைகளில் நாங்கள் யாரைத் திட்டாமல் பேச்சை முடிப்பதில்லையோ, அவர் படம். அதன் கீழே அவரோடு கைகுலுக்கியபடி முறுக்கு மீசையோடு நிற்பவர் எதிர்க்கட்சியின் வார்டு செயலாளர் சங்கரநாராயணன். கொடிக்கம்பம் நடும் இடத்துக்காக மைனியோடு நடுரோட்டில் வாதாடியவர். வாயில் இருந்த கேசரி உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது.

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, தலை நிறையப் பூவோடு ஒரு பெண் காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு என்னிடம் குனிந்தாள். நிமிரவில்லை.

"நீங்க செண்பகத்தக்கா கொழுந்தன்தான?" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"என்னையப் பொண்ணு பாக்கவா வந்திய?"

"இல்லங்க. வீடு மாறிட்டு."

தட்டில் மிச்சம் இருந்த தம்ளர் கிடுகிடுவென்று ஆடியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். போன் எடுத்து மைனியைக் கூப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

தலைவரின் காதில் விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் சத்தம். மீசைக்காரர் சங்கரநாராயணன் முன்னே வர, வாசுதேவநல்லூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் பின்னே வந்தார்கள். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் அந்த நிஜ மாப்பிள்ளையும் பட்டு வேட்டிதான் கட்டியிருந்தார். என்னைப் பார்த்தார். நான் ஜமுக்காளத்தைப் பார்த்தேன்.

தலைவர் ஒன்றும் அறியாமல் எழுந்து கும்பிட்டார். "வணக்கம். நீங்கதான் நம்ம தொண்டர் சங்கரநாராயணனா?"

மீசைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "சங்கரநாராயணன்தான். தொண்டனும்தான். கட்சிதான் வேற" என்றார்.

தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார். வெளியே தோண்டிப் போட்டிருந்த அந்தக் குழியை நான் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பெரிய நிலக்காரர். குரலும் பெரியது. "என்னவே இது? எங்களுக்கு முன்னால இன்னொரு கோஷ்டிய வரச் சொல்லிப் பொண்ணக் காட்டிட்டீரா? மொதல்ல இவங்கள வெளிய அனுப்பும். அதுக்குப் பொறவுதான் நாங்க உக்காருவோம்."

வீட்டுப் பெண்கள் கதவோரம் வெலவெலத்து நின்றார்கள். நாங்கள் எழப்போனோம். சங்கரநாராயணன் கையைக் காட்டி எங்களை உட்கார வைத்தார்.

"அண்ணாச்சி, இவங்க யாருன்னு எனக்குத் தெரியும். எனக்கும் இவங்களுக்கும் ஆகவே ஆகாது. ஆனா எங்க வீட்டுத் தட்டுல கை வச்சவங்கள பாதியில எந்திரிங்கன்னு சொல்லி எனக்குப் பழக்கமில்ல. நீங்களும் உக்காருங்க. எல்லாருமா சாப்பிடுவோம்."

"அப்ப நாங்க போறோம்."

"உங்க இஷ்டம்."

போய்விட்டார்கள். உள்ளே கோமதியின் அம்மா விசும்பும் சத்தம் கேட்டது. மகளின் கல்யாணப் பேச்சு தன் கண்ணெதிரே படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு, தன் பரம எதிரிகளுக்காக அந்த மனிதர் நின்றார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சிறுத்துப்போனது கிடையாது.

அப்போது மைனி மூச்சு வாங்க உள்ளே வந்தார். என்னைத் திட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை. நேராகச் சங்கரநாராயணன் முன்னால் போய்க் கைகூப்பினார். "அண்ணாச்சி, எங்க வீட்டுப் பய பண்ணுன தப்பு. வாசுதேவநல்லூருக்கு இப்பவே கெளம்பிப் போயி நான் அவியளச் சமாதானம் பண்ணுதேன்."

தலைவரும் கும்பிட்டார். "உங்க நல்ல காரியத்தைக் கெடுத்துட்டோம்யா."

"நீங்க ஒண்ணும் கெடுக்கல. கேசரி திங்க வந்தவங்களப் பாத்து எந்திரிச்சிப் போற சம்பந்தம் போயிட்டுப் போவுது" என்றார் அவர். "நீங்க வடையச் சாப்பிடுங்க. நாளைக்கு மேடையில உங்கள நாக்கப் புடுங்குத மாதிரி கேப்பேன், அது வேற."

கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி சொன்னாள்: "யாரும் எங்கயும் போயிச் சமாதானம் பண்ண வேண்டாம்க்கா. என் லேப் வேலய விடச் சொன்ன ஆளுங்கதான அவங்க. எனக்கு நிம்மதியா இருக்கு."

தலைவர் வடையைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு பின்தெருவில் நிஜத் தொண்டர் சங்கரநாராயணன் வீட்டுக்கு நடந்தே போய், காலையிலிருந்து காத்திருந்த அந்தக் குடும்பத்தின் முன்னால் முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். ரசத்துக்கு மேல் அவரால் மூச்சு விட முடியவில்லை. ஆனாலும் பாயசத்தை இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கினார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. காரில் ஏறும்போது என் தோளில் கை வைத்து, "தம்பி, நீ ராஜபாளையம் வரைக்கும் வழி காட்ட வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

தேர்தலில் மைனி தோற்றார். சங்கரநாராயணன் கட்சிதான் ஜெயித்தது. முடிவு வந்த மறுநாள் சாயந்திரம் நான் படுத்துக் கிடந்தேன். வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால் மைனி குடையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தோத்துட்டோமே மைனி, இன்னைக்குமா?"

"தோத்தா தண்ணிக் குழாய் சரியாயிருமா?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். அன்றிலிருந்து மேப் இல்லாமல் தெருத் தெருவாக நடந்தேன். அந்தப் பெரிய கோலம் போட்ட வீட்டில் மட்டும் வாசலோடு நின்றுகொள்வேன். மைனி உள்ளே போவார். எனக்கு மோர் வெளியே வரும். கொண்டுவருவது கோமதியாக இருக்கும். "உள்ள வாங்க, சரியான வீடுதான்" என்று ஒருநாள் சொன்னாள். போனேன்.

சில மாதங்கள் கழித்து மைனி அங்கே போய், "அண்ணாச்சி, இந்தத் தடவ ஓட்டுக் கேக்க வரல. பொண்ணு கேக்க வந்திருக்கேன்" என்றார்.

சங்கரநாராயணன் மீசையைத் தடவினார். "மாநிலத் துணைத்தலைவரயே கூட்டிட்டு வந்து பாத்துட்டுப் போன பய. இன்னும் என்னத்தப் பாக்கணும்? என் மககிட்ட கேளுங்க" என்றார்.

மகளிடம் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. அவள் வேலை அவளுக்கு, அவள் ஓட்டும் அவளுக்கு. இரண்டுக்கும் ஒத்துக்கொண்டேன். யாருக்குப் போடுகிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மைனி இன்னும் நடக்கிறார். சமீபத்தில் எங்கள் தெருமுனையில் ஒரே சாயந்திரம் இரண்டு கட்சிக்கும் கூட்டம். இந்த முனையில் மாமனார், அந்த முனையில் மைனி. நான் வழக்கம்போல் நடுவில் டீக்கடையில் மறைந்து நின்றேன். பக்கத்தில் கோமதி. மாமனார் மைக்கைப் பிடித்து முழங்கினார்:

"வாக்காளப் பெருமக்களே! சொந்தத் தலைவருக்கு ஒரு வீட்டுக்கு ஒழுங்கா வழி காட்டத் தெரியாத கட்சி, இந்த ஊருக்கு எங்கவே வழி காட்டும்?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. எல்லாத் தலையும் டீக்கடைப் பக்கம் திரும்பியது. அது அடங்கும்வரை காத்திருந்து, அந்த முனை மைக்கில் மைனியின் குரல் நிதானமாக வந்தது:

"வழி தப்புன்னா, அண்ணாச்சி பொண்ண எதுக்குக் குடுத்தாவ?"

இரண்டு கட்சிக் கூட்டமும் ஒன்றாகச் சிரித்தது. மாமனாரும் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தக் கேள்விக்கு அவர் கட்சி இன்னும் பதில் சொல்லவில்லை.