போனே தொடாத குழந்தை

ஊருக்கு உபதேசம் எழுதுகிறவர்கள் வாசகர்களை வீட்டுக்குள் விடவே கூடாது. நான் விட்டேன்.

அப்போது ஆதிரைக்கு நான்கு வயது. திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தோம். குழந்தை வளர்ப்பைப் பற்றி வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தேன். (படிப்பது இருபது பேர், தோரணை மட்டும் நாட்டு மக்களுக்கு உரையாற்றுவது போல.) அந்த இருபதில் பாதிப் பேர் தாங்களும் எழுதும் அம்மாக்கள். பின்னூட்டத்தில் பேசிப் பேசியே ஒரு வாட்ஸப் குழு ஆகிவிட்டோம். குழந்தைக்குப் பல் முளைத்தது முதல் மாமியார் முறைத்தது வரை எல்லாம் அங்கே அலசப்படும். ஆனால் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

அன்று மதியம், 'என் மகள் செல்போனைத் தொட்டதே இல்லை' என்று ஒரு பதிவை எழுதி ஏற்றிவிட்டுத் திரும்பினேன். ஆதிரையைக் காணோம். வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருக்கோடி வரை ஓடிப் பார்த்தேன். கடல் இருக்கும் திசையைப் பார்த்ததும் கணவரைக் கூப்பிட்டேன். துறைமுகத்தில் வேலையிலிருந்தவர் போனை எடுக்கவில்லை. முகவரியைப் போட்டு, "ஆதிரையக் காணோம், பயமா இருக்கு" என்று குழுவில் எழுதினேன்.

பத்தே நிமிடத்தில் பக்கத்துக் குப்பத்திலிருந்து கஸ்தூரி வந்து நின்றாள். மீன் விற்பவள், குழந்தைகளுக்கான மீன் சமையல் எழுதுவாள். கிளம்பும்போதே அண்ணன்களைக் கடற்கரைக்கு விரட்டியிருந்தாள். பின்னாலேயே தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் பாத்திமா, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"அழுவாதம்மா. வூட்டாண்ட நல்லா பாத்தியா?" என்றாள் கஸ்தூரி.

"பாத்தேன்" என்றேன். (கட்டிலுக்கடியில் ஒருமுறை குனிந்தேன். அவ்வளவுதான்.)

மடிக்காத துணிமலையைத் தாண்டி அவள் உள்ளே போனாள். பாதி திறந்திருந்த பீரோவுக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம். கதவை இழுத்தாள். என் புடவைகள்மேல் சாய்ந்து, ஒரு கையில் சிப்ஸ், மறு கையில் என் பழைய செல்போன் என்று ஆதிரை கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாகப் பதிவு எழுத வேண்டும் என்று போனைக் கொடுத்ததே நான்தான்.

"தோ கீது உன் புள்ள! போனே தொடாத புள்ளன்னு எழுதிக்கினு இருந்தியே, அது இதானா?"

குழந்தையை அள்ளிக்கொண்டு அழுதேன். மகள் கிடைத்த அழுகை பாதி, மானம் போன அழுகை பாதி.

பாத்திமாதான் முதலில் வாய் திறந்தாள். "கதை சொல்லி ஊட்டுறேன்னு நான் எழுதுறேன்ல? என் பெரியவன் போன் இல்லாம ஒரு வாய் வாங்க மாட்டான்."

கஸ்தூரி தரையில் உட்கார்ந்தாள். "எம் பொண்ணு மீனே துன்னாது."

மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கடலில் இறங்கித் தேடிய அண்ணன்கள் அந்த நேரம் சொட்டச் சொட்ட வந்து, வாசலில் நின்றபடியே குழந்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பதிவை அழித்துவிட்டு நடந்ததை அப்படியே எழுதினேன். அதன் பிறகு குழுவில் பொய் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஆதிரைக்கு இப்போது பத்து வயது. வீட்டுக்கு யார் வந்தாலும், "நான் தொலைஞ்சு போனதாலதான் எங்கம்மாவுக்கு இவங்கல்லாம் கெடைச்சாங்க" என்று பெருமையடிப்பாள்.

"இன்னொரு தபா தொலஞ்சி கிலஞ்சி பூடாத கண்ணு" என்பாள் கஸ்தூரி. "அண்ணனுங்களுக்கு வயசாய்ச்சி."