கனிசியஸின் பன்றிக்குப் பட்ட கண்

கனிசியஸின் பன்றிகளில் மூன்று இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டன. கொழுத்தது ஒன்றே ஒன்று, பக்கத்தில் தனிக் கூட்டில். மகள் ஸ்ரெல்லாவின் கலியாணத்துக்கோ இன்னும் ஆறு கிழமைதான். பன்றி இறைச்சி இல்லாமல் பந்தி வைத்தால் குருநகர்ச் சனம் சும்மா விடுமா?

"எல்லாம் சந்தியோகுவின்ரை கொள்ளிக்கண்!" என்றார் கனிசியஸ்.

சந்தியோகு முப்பது வருசத் தோணிச் சிநேகிதன். நாரிப்பிடிப்பு, இடுப்பு வளையாது என்று இப்போது கடலுக்கு வருவதில்லை. போன மாதம் வேலியைப் பிடித்துப் பிடித்து வந்து, "அடேயப்பா, நாலும் என்ன கொழுப்பு!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் வரேக்கையே மூண்டும் மெலிஞ்சுதானே நிண்டதுகள்?" என்றாள் மனைவி மக்டலீன்.

"அப்ப அது நக்கல்! கண்ணூறும் போட்டு நக்கலும் அடிச்சிருக்கிறான்!"

கொழுத்ததையாவது ஊர்க்கண்ணிலிருந்து மறைக்க வேண்டுமே. அதை மெலிந்த மூன்றுக்கும் பின்னால், அதே கூட்டுக்குள் தள்ளிவிட்டார். பத்தாம் நாள் அதுவும் இருமியது. செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டார். புகையில் நாலும் சேர்ந்து இருமின, அவரும் இருமினார்.

கோபம் தலைக்கேறியது. சந்தியோகுவுக்குக் கலியாணம் சொல்லக்கூடாது என்றுவிட்டார். ஒழுங்கையில் எதிரே வரக் கண்டால் காறித் துப்பினார். சந்தியோகுவோ நேரே பார்த்தபடி போனார்.

"பார் திமிரை!"

பெற்றோல் இல்லாத காலம். மிருக வைத்தியர் சைக்கிள் மிதித்து வந்து சேர, கொழுத்ததும் மெலிந்து படுத்துவிட்டது.

"இது ஒரு வருத்தமில்லை, ரெண்டு. ஒரு வைரஸ் உடம்பின்ரை பலத்தைத் தின்ன, மற்ற நோய் சுகமாய் உள்ளை பூந்திருக்கு. மெலிஞ்சதுகளோடை இந்தக் கொழுத்ததை ஆர் விட்டது?"

"நான்தான், ஐயா."

"தனிய விட்டிருந்தால் தப்பியிருக்கும்."

கனிசியஸ் தலையில் அடித்துக்கொண்டார். பன்றி போனால் போகட்டும். ஒரு பாவமும் அறியாத மனுசனைப் பார்த்தல்லவா துப்பினார்! அன்று பின்னேரமே கலியாணக் கார்டோடு சந்தியோகு வீட்டுக்கு ஓடினார். வாசலில் சந்தியோகுவின் மனைவி திரேசம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் பெரிய பிழை விட்டிட்டன். அவன் கண்ணூறு போட்டவனெண்டு ஊரெல்லாம் கதைச்சுத் திரிஞ்சன். துப்பினதுக்கும் அவன் ஒரு சொல்லுக் கேக்கேல்லையே!"

திரேசம்மா உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணூறோ, அண்ணை? அவருக்குப் போன மாரி மழையோடை ரெண்டு கண்ணும் தெரியாது; வெளியிலை சொல்ல வெக்கம். நீங்கள் சந்தோசப்படுவியளெண்டுதான் பண்டி கொழுத்திருக்கெண்டு சொன்னவர்."