பஞ்சு வைத்த வாய்க்கு நற்செய்தி

கர்த்தருக்குள் அன்பும் மதிப்பும் மிகுந்த அத்தானுக்கு,

உங்கள் மைத்துனனான பல் டாக்டர் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே எல்லோரும் நலம். நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்ப்பதால் என் இடுப்பு மட்டும் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறது. நீங்களும் அக்காவும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். அக்காவின் கடைவாய்ப் பல்லை அடுத்த முறை வரும்போது பார்த்துவிடலாம். அதுவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் உங்களுக்கும் நல்லது.

போன முறை நீங்கள் இங்கே வந்திருந்தபோது எங்கள் சபையில் செய்த பிரசங்கத்தில் ஒன்று சொன்னீர்கள். நம் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல எப்போதும் தயாராக இருக்க வேண்டும், அதையும் தாழ்மையாகச் சொல்ல வேண்டும் என்றீர்கள். நான் 'தயாராக' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று அழகான ஒரு பேச்சை மனப்பாடம் செய்தேன். என் தொழில் இதற்கென்றே அமைந்தது அத்தான், என் நாற்காலியில் படுத்தவர் எழுந்து ஓடவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் முடியாது. பல் சுத்தம் செய்ய வந்தவருக்குச் சுருக்கம், வேர் சிகிச்சைக்கு வந்தவருக்கு முழு நீளம் என்று பிரித்துக்கொண்டேன். எல்லோரும் வாயைத் திறந்தபடி "ஆ" என்றார்கள், நான் அதைச் சம்மதம் என்று கணக்கில் வைத்துக்கொண்டேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் நர்ஸம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும்னுதானே உங்க அத்தான் சொன்னாரு? இங்க யாரும் ஒண்ணும் கேக்கலியே டாக்டர்" என்றார். அவருக்கு நம் விசுவாசம் கிடையாது, அதனால் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் தையல் மாஸ்டர் வந்து சேர்ந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதும், குண்டூசிகளை வாயின் ஓரத்தில் சொருகிக்கொண்டு அளவெடுப்பதும் அவர் பழக்கம், பற்கள் தேய்ந்து பாழாகிக் கிடந்தன. வேர் சிகிச்சை, பலமுறை வரவேண்டியிருந்தது, எனக்கோ முழு நீளப் பேச்சு. அதிலும் ஒரு விந்தை, பேச்சில் சரியாக இயேசுவின் பெயர் வரும் இடத்தில் அவர் கையைத் தூக்குவார். வலித்தால் கை தூக்குங்கள் என்று நான்தான் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், எனவே உடனே இன்னொரு மரத்துப்போகும் ஊசி போடுவேன். உதடு தொங்க அவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தால், அரை மணி நேரம் பேசக் கூடாது என்று நர்ஸம்மா பஞ்சை வைத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம்தான் வந்தது வினை, அத்தான். மாஸ்டரின் நாக்கோரத்தில் ஒரு புண். பக்கத்துப் பல்லின் கூர்மையைத் தேய்த்துவிட்டும் ஆறவில்லை, பார்க்கப் பார்க்கப் புற்றுநோயாக இருக்குமோ என்று தோன்றியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், சதையில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு வைத்தார்கள். முடிவு வருவதற்குள் ஒருநாள் சாயங்காலம் அவர் தானாக வந்து நாற்காலியில் படுக்காமல் உட்கார்ந்தார். மெலிந்து போயிருந்தார்.

"டாக்டர், இத்தனை நாளா நம்பிக்கை நம்பிக்கைன்னு சொல்லிட்டிருந்தீங்களே. இப்போ என் வாயில ஒண்ணும் இல்ல. சொல்லுங்க, கேக்கிறேன்."

மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு வரி நினைவுக்கு வரவேண்டுமே, வரவில்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு, நோயாளிகளின் உறவினர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நானும் பயந்துபோய்த்தான் இருக்கேன் மாஸ்டர். முடிவு எப்படி வரும்னு தெரியாது. எப்படி வந்தாலும் இயேசு உங்களை விட்டுட்டுப் போகமாட்டார்னு நம்புறேன். செத்தாலும் அதோட முடிஞ்சுபோறதில்லன்னு நம்புறேன். நிரூபிச்சுக் காட்டச் சொன்னா எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் தாங்கவில்லை. தட்டுத் தடுமாறி ஒரு ஜெபம் செய்தேன். நர்ஸம்மா ஏற்கெனவே துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்துவிட்டது அத்தான், வெறும் உராய்வுப் புண். குண்டூசி செய்த வேலை, ஊசியை வாயில் வைப்பதை நிறுத்தினால் ஆறிவிடும். காகிதத்தைப் படித்ததும் நோயாளி நாற்காலியிலேயே நான் சாய்ந்துவிட்டேன். நர்ஸம்மா கோப்பையில் தண்ணீர் கொடுத்தார், நானும் நினைவில்லாமல் கொப்பளித்துத் துப்பினேன். மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது, அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்களுக்கு நீங்கள் கொடுப்பீர்களே, அந்தச் சின்னப் புத்தகம், அதை மாஸ்டருக்காக ஒன்று அனுப்பிவையுங்கள். உங்கள் மைத்துனனாலும் ஓர் ஆத்துமா கர்த்தரிடம் வந்தது என்று அக்காவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தர் உங்கள் வாசலையும் வார்த்தையையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாஸ்டர் எனக்கொரு வெள்ளைக் கோட்டு தைத்து எடுத்துக்கொண்டு வந்தார். அடுத்த தெருச் சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்துபவராம், அதுவும் எனக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே. அதைச் சொல்லத்தான் கை தூக்கினாராம், தூக்கும்போதெல்லாம் நான் ஊசி போட்டேனாம். பிறகு ஏன் அன்றைக்கு என்னைக் கேட்டீர்கள் என்றேன். "தெரிஞ்சதுதான் டாக்டர். ஆனா அன்னிக்கு எனக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல, வேற யாராவது சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு. நீங்க பயந்துக்கிட்டே சொன்னீங்க பாருங்க, அதான் நம்ப முடிஞ்சுது" என்றார். எனவே அக்காவிடம் எதையும் சத்தமாகச் சொல்ல வேண்டாம், மாஸ்டருக்குப் புத்தகமும் வேண்டாம். ஆனால் அவர் போனதும், விளக்கை அணைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, "அன்னிக்கு அவருக்குச் சொன்னதை எனக்கும் ஒருவாட்டி சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டார். இந்த முறை என்னிடம் தயாராக எந்தப் பேச்சும் இல்லை. புத்தகம் இரண்டாக அனுப்புங்கள், ஒன்று நர்ஸம்மாவுக்கு, ஒன்று எனக்கு.