உறுமாத பஸ்

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட்காரனைக்கூட நம்பியிருப்பார்கள். சேலம் பஸ் ஓட்டிய ‘நிப்பாட்டி’ டிரைவரை மட்டும் ஒருவரும் நம்பியதில்லை. பஸ் நின்றதும் எஞ்சினை நிறுத்திவிடுவார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் அது பெரிய குற்றம். காலையில் போட்ட எஞ்சினை மாலைவரை யாரும் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயம். உறுமுகிற பஸ்தான் முதலில் புறப்படும் என்பது பயணிகளின் நம்பிக்கை. ஆகவே பக்கத்தில் நிற்கும் இன்னொரு சேலம் பஸ் கரும்புகை கக்கியே நிரம்பிவிடும். நிப்பாட்டியின் பஸ் திருவிழா முடிந்த தேர்போல நிற்கும்.

மிச்சமாகும் டீசலை விற்கிறார் என்றார்கள். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான் மூன்று நாள் அவரைக் கண்காணித்தேன். பேட்டரிக்குத் தாமே தண்ணீர் ஊற்றினார். சந்தேகப்படும்படி வேறெதுவும் செய்யவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்டேவிட்டேன்.

“நிக்கிற வண்டிக்கு எதுக்குங்க எஞ்சின்? அந்த டீக்கடை வடையப் பாருங்க. பாதி உளுந்து, பாதி டீசல் பொகை. அதத் தின்னுட்டு என்னையச் சந்தேகப்படறீங்க!”

போட்டி பஸ்காரரிடம் இவர் விலைபோய்விட்டார் என்பது பஸ் முதலாளியின் சந்தேகம். “நாளைக்கு எட்டு மணி வண்டி காலியாப் போச்சுன்னா, அப்படியே வூட்டுக்குப் போயிருய்யா!”

மறுநாள் கண்டக்டர் கெஞ்சினார்: “அண்ணே, இன்னிக்கு ஒரு நா உறும வுடுங்கண்ணே!”

வேலை போகும் பயம் நிப்பாட்டிக்கும் இருந்தது. ஏழரைக்கு எஞ்சினைப் போட்டார். ஐந்தே நிமிடத்தில் பஸ் நிரம்பியது. உடனே அணைத்தார்.

“ஏமாத்தறான்யா!” என்று பாதிப் பேர் எழுந்தார்கள்.

“எட்டு மணிக்கு வண்டி நகரலைன்னா செருப்பால அடிங்க.”

பஸ்ஸில் கைக்கடிகாரம் கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். மொத்த பஸ்ஸும் என் மணிக்கட்டையும் தத்தம் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தது.

எட்டு. ஸ்டார்ட்டரை அழுத்தினார். ‘கர்ர்ர்’ என்று இழுத்து அடங்கியது. கடைசி சீட்டில் தலையோடு போர்வை போர்த்தியிருந்த ஆள் விருட்டென்று எழுந்தார். முதலாளி!

இரண்டாம் முறை எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஸ்டாண்டைத் தாண்டியபோது பக்கத்து பஸ் இன்னும் ஆள் தேடி உறுமிக்கொண்டிருந்தது.

தொப்பூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது முதலாளி சொன்னார்: “நாளைக்கும் நீயே ஓட்டு. ஆனா உன் மேல ஒரு கண்ணு இருக்கும்.”

அதன்பின் நானும் வேறு பஸ்ஸில் சேலம் போனதில்லை. கண்காணிக்கத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அவர் ஓய்வுபெறும்வரை கண்காணித்தேன்.